ஐப்பசியில் கடலோர வீடு: தரங்கம்பாடிப் பக்கம் குடும்பத்தோடு தங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

காலாண்டுத் தேர்வு முடியும் நாளிலிருந்து தீபாவளி வரை, தரங்கம்பாடியை அடுத்த பொறையாரில் குடியிருக்கும் என்னிடம் உறவினர்களும் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்பது ஒன்றுதான். கடலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, நான்கைந்து நாள் எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு வழி என்ன? அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். காவிரிப் படுகையின் இந்தக் கரைக்கு மழையை ஒதுக்கிவிட்டு வர முடியாது. மழைக்கு ஆயத்தமாக வருகிற குடும்பம்தான் இங்கே மகிழ்ச்சியாக இருந்துவிட்டுப் போகிறது.

எந்தத் தேதியில் வந்தால் நல்லது?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்கு முன்பு, காலாண்டு விடுமுறை நாட்களில், பகலில் வெயில் சுட்டெரிக்கும். மாலையில் சில நாள் இடியோடு ஒரு மழை கொட்டி ஓய்ந்துவிடும். பிள்ளைகள் மணலில் விளையாட வேண்டும், துணி காய வேண்டும் என்றால் அந்த நாட்களே போதும்.

என்னைக் கேட்டால் ஐப்பசி முதல் பத்து நாட்களைச் சொல்வேன். குறுவை அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும். சம்பா நட்ட வயல்கள் பச்சை பிடித்திருக்கும். சாலையோரப் புழுதி அடங்கியிருக்கும். இரண்டு மழைக்கு நடுவே படகுகள் கடலுக்குப் போய்வரும், மீனுக்கும் குறைவிருக்காது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று பெரியவர்கள் சொல்லிவைத்ததை மறக்காதீர்கள். இந்தக் கரையில் மிக அதிகமாக மழை பெய்யும் மாதம் நவம்பர். கைக்குழந்தையோடு முதன்முறையாக வருகிறவர்கள் நவம்பர் நடுப்பகுதியைத் தவிர்ப்பது நல்லது.

எத்தனை நாள் தங்கலாம்?

நான்கு இரவு. ஒரு நாள் முழுக்க மழை கட்டிப்போட்டாலும் மீதி நாட்கள் கையில் இருக்கும். இரண்டு இரவுக்கென்று வந்தால் மூட்டையைப் பிரிப்பதிலும் கட்டுவதிலுமே பொழுது போய்விடும்.

தரங்கம்பாடியா, பூம்புகாரா, வேளாங்கண்ணியா?

வேளாங்கண்ணியில் தங்க இடம் ஏராளம். ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழா முடிந்துவிட்டால் கூட்டமும் குறையும். ஆனால் அது யாத்திரைத் தலம். விடுதியில் அறை எடுத்துத் தங்க ஏற்றதே தவிர, வீடு எடுத்து அமைதியாக இருக்க ஏற்றதல்ல. பூம்புகாரைக் காலையில் போய் மாலையில் திரும்பிப் பார்ப்பதே சரி. காரைக்காலில் கடைத்தெரு, மருத்துவமனை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு, நகர வசதி வேண்டுமென்றால் அங்கே தங்கலாம்.

சிறு ஊரில், கால்நடையாகவே எல்லா இடத்துக்கும் போகும்படி தங்க வேண்டுமென்றால் தரங்கம்பாடிதான். 1792-ல் கட்டிய நகர வாசலுக்குள் நுழைந்தால் தெரு நேரே கடலுக்கு இறங்குகிறது. வண்டி நெரிசல் இல்லை. பாட்டியும் பேரனும் கைகோத்து நடக்கலாம்.

வீட்டை நேரில் பார்க்காமல் எப்படி நம்பி எடுப்பது?

புகைப்படத்தை நம்பாதீர்கள். கோடையில் எடுத்த படத்தில் எல்லா வீடும் அழகாகவே இருக்கும். வீட்டுக்காரரிடம் வீடியோ அழைப்பில் பேசுங்கள். வாசலிலிருந்து கடல் வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். 'கடலுக்கு எதிரே' என்று விளம்பரப்படுத்தும் வீட்டிலிருந்து கடலுக்குப் போக மூன்று தெருவைச் சுற்ற வேண்டியிருக்கலாம். நடந்து காட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்து மொட்டை மாடிக்கு ஏறச் சொல்லுங்கள். மழைநீர் வடியும் துவாரத்தைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். வேப்பஞ்சருகும் காக்கை போட்ட குச்சியும் அந்தத் துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்தால், ஒரே இரவு மழையில் மாடி குளமாகும். விடியும்போது கூடத்துச் சுவரில் ஓதம் இறங்கியிருக்கும். பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகள் இங்கே நிறைய உண்டு. பருத்த சுவர், உயரமான கூரை, வெயிலுக்குக் குளிர்ச்சி. தங்கிப் பார்த்தால் வேறு வீடே வேண்டாம் என்று தோன்றும். அந்தச் சுவர்கள் மழையில் ஈரத்தைக் குடிக்கும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். தேக்குக் கதவு மழைக்கு ஊதிக்கொண்டு நிலையில் இறுகும். அதைப் பிள்ளைகள் உள்ளே தாழிட்டுக்கொண்டால் திறப்பதற்குள் பெரும் பாடாகிவிடும். ஆகவே சிறுவர் படுக்கும் அறைத் தாழ்ப்பாளை ஒரு முறை போட்டுத் திறந்து பாருங்கள். உப்புக் காற்றில் பூட்டும் தாழ்ப்பாளும் சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

தெருவில் தண்ணீர் தேங்குமா, எவ்வளவு நேரத்தில் வடியும் என்று தவறாமல் கேளுங்கள். கழிப்பறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் முதலில் கேட்பதே அதைத்தான். அடைமழையில் நிலத்தடி நீர் மேலே வந்து கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் கழிப்பறைத் தண்ணீர் இறங்காது. தொட்டியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், குளிக்கத் துவைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் வாங்க வேண்டும். இன்வெர்ட்டர் எத்தனை மின்விசிறியை எவ்வளவு நேரம் ஓட்டும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

முன்பணம் கொடுத்த பிறகு புயல் வந்துவிட்டால்?

இதைப் பணம் அனுப்புவதற்கு முன்பே பேசி, செய்தியாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் பணத்தைத் திருப்பித் தருவதா, வேறு தேதிக்கு மாற்றித் தருவதா? இந்த ஒரு வரி போதும். நல்ல வீட்டுக்காரர் தயங்க மாட்டார். 'அதெல்லாம் வராது சார்' என்று மழுப்புகிறவரிடம் வீடு எடுக்க வேண்டாம்.

புயல் எச்சரிக்கை வந்தால் கிளம்ப வேண்டுமா? நான்கு சுவருக்குள் பத்திரமாக இருக்கலாம் அல்லவா?

கிளம்ப வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பவே வாரக்கணக்கில் ஆனது. சுவர் நின்றுவிடலாம், அதன் பிறகு தண்ணீர், பால், மருந்து, சாலை எதுவும் இல்லாமல் விருந்தாளிக் குடும்பம் என்ன செய்யும்? ஊர்க்காரர்களுக்கே நிவாரணம் போதாத நேரத்தில் வெளியூர்க்காரர்கள் அவர்களுக்குச் சுமையாகவும் இருக்கக் கூடாது.

நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். எண்கள் 1 முதல் 11 வரை. 1, 2 என்றால் புயல் சின்னம் தொலைவில் இருக்கிறது என்று பொருள். பதற்றம் வேண்டாம், செய்தியைப் பார்த்துக்கொண்டிருங்கள். 3 அல்லது 4 ஏறினால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும் என்று பொருள். அப்போதே மூட்டை கட்டிவிடுங்கள். 5 முதல் அபாயம். அதுவரை காத்திருப்பவர்களுக்குச் சாலை திறந்திருக்கும் என்று உறுதியில்லை. மழை அளவைப் பொறுத்தவரை, ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் ஒரே நாளில் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை பெய்யக்கூடும், சிவப்பு என்றால் அதற்கும் மேல்.

மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, மின்தடைக்கு மின்னகம் 94987 94987. இந்த எண்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் அதன் சார்ஜ் தீரும்போது எண்ணும் போய்விடும்.

பிள்ளைகள் கடலில் குளிக்கலாமா?

ஐப்பசி, கார்த்திகையில் கூடாது. கணுக்கால் நனைய நிற்கலாம், அதுவும் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு.

காரணத்தைச் சொன்னால்தான் பிள்ளைகள் கேட்பார்கள். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் இந்தக் கடல் முரட்டுத்தனமாகிவிடும். அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எங்காவது ஓரிடத்தில் சேர்ந்து, குறுகலான ஓடைபோலக் கடலுக்குள் வேகமாகத் திரும்பும். பார்ப்பதற்கு அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும். இருபக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவில் மட்டும் உடையாது. 'அங்கே அலை இல்லை, அங்கே குளிக்கலாம்' என்று புதிதாக வருகிறவர்கள் போவது அந்த வாய்க்குள்தான். யாரையாவது இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது, பலம் தீர்ந்துவிடும். மல்லாந்து மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

கோட்டைக்கு முன்னாலும் பழைய சிவன் கோயில் பக்கத்திலும் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். பாசி படிந்த அந்தக் கற்கள் மீது ஏறிப் படம் எடுப்பது வேண்டாம். பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் காலே வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் ஆற்றின் இழுப்பும் கடலின் இழுப்பும் அங்கே ஒன்று சேர்கின்றன. கரையில் நிற்கும் மீனவர் ஒருவர் 'வேண்டாம்' என்றால் மறுபேச்சு பேசாமல் திரும்பிவிடுங்கள்.

கரை ஒதுங்கிக் கிடக்கும் சொறியை, அதாவது ஜெல்லி மீனை, குச்சியால்கூடக் கிளறாதீர்கள். செத்துக் கிடந்தாலும் பட்ட இடம் எரியும்.

நல்ல மீன் எங்கே, எப்போது கிடைக்கும்?

விடிகாலையில் படகு கரை சேரும் இடத்துக்குப் போங்கள். வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த விடுமுறையில் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கப்போவது இந்தக் காலைப்பொழுதுதான் என்பது என் அனுபவம்.

வலையிலிருந்து உதறிய மீன் கூடை கூடையாக இறங்கும். ஏலம் விடுகிறவர் மீனைக் குவியலாகக் கொட்டி, ஒரு தொகையில் தொடங்கி ஒரே மூச்சில் ஏற்றிக்கொண்டே போவார். வாங்குகிறவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், கண்ணசைவும் தலையசைப்பும்தான். அந்த ஏலத்தில் நீங்கள் புக வேண்டாம். மொத்த வியாபாரிகளின் பிழைப்பு அது. சற்றுத் தள்ளி, ஏலம் எடுத்த பெண்கள் மீனைக் கூறு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு கூறு சங்கராவோ, கிழங்கானோ, நெத்திலியோ போதும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் குழி விழாமல் பளபளக்க வேண்டும், விரலால் அழுத்திய இடம் உடனே மேலே எழும்ப வேண்டும். 'அக்கா, குழம்புக்கு எது நல்லாயிருக்கும்?' என்று கேளுங்கள். பேரம் பேசுகிறவரைவிட யோசனை கேட்கிறவருக்குத்தான் நல்ல மீன் கிடைக்கும். வெட்டிச் சுத்தம் செய்து தருகிறவர்களும் அங்கேயே இருப்பார்கள். அவர்கள் கேட்கும் கூலியைக் குறைக்காதீர்கள், அரிவாள்மனையில் அந்த வேலை எளிதானதல்ல.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் இந்த நாட்களில் குறுக்கிடாது. ஆனால் கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வந்துவிட்டால் படகுகள் கரையேறிவிடும். அந்த நாட்களில் கடைக்கு வருவது ஐஸ் மீன். அதை வாங்குவதைவிட ரசமும் அப்பளமும் வைத்துச் சாப்பிடலாம்.

சமையலுக்கு என்ன எடுத்து வர வேண்டும்?

உங்கள் மிளகாய்த்தூள், காப்பித்தூள், ஒரு நல்ல கத்தி, ஒரு மண்சட்டி. மற்ற எல்லாம் பொறையாரில் கிடைக்கும். வீட்டில் அம்மி இருக்கிறதா என்று கேளுங்கள், மின்சாரம் போன நாளில் சட்னி அரைக்க அதுதான் உதவும்.

நாள் முழுக்க மழை பெய்தால் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது?

முதலில், சமாளிக்க வேண்டிய தொல்லையாக அந்த நாளை நினைக்க வேண்டாம். திண்ணை உள்ள வீடாக எடுத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பல்லாங்குழி, தாயக்கட்டை எடுத்து வாருங்கள். பாட்டிக்கு விளையாட்டில் ஒரு இடம் கொடுங்கள்.

மழை சற்று விட்டால் குடையோடு டேனிஷ் கோட்டைக்கு நடக்கலாம். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஓவ் கெட்டே என்ற டென்மார்க் தளபதி 1620-ல் கட்டியது. 1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாளைத் தவிருங்கள். தெருவிலேயே 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். 1706-ல் இங்கே வந்திறங்கித் தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்குவின் கல்லறை அதனுள்தான் இருக்கிறது. பள்ளியில் பெயரளவில் படித்ததைப் பிள்ளைகள் அங்கே நேரில் பார்ப்பார்கள். கரையில் மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-ல் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

கோயில்களுக்கும் போக வேண்டும். எங்கே போகலாம்?

ஐப்பசியில் வந்தவர்கள் ஐப்பசிக்கு உரியதைப் பாருங்கள். மாதம் முழுவதும் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் காவிரி நீராடல். கடைசி நாள் கடைமுழுக்கு, மறுநாள் கார்த்திகை முதல் தேதியில் முடவன் முழுக்கு. பௌர்ணமியன்று சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். கந்த சஷ்டியை ஒட்டி வந்தால் நாகப்பட்டினம் அருகிலுள்ள சிக்கலுக்குப் போங்கள். சிக்கலில் வேல் வாங்கிச் செந்தூரில் சம்ஹாரம் என்பார்கள். அம்மனிடம் சிங்காரவேலர் வேல் வாங்கும் அன்று திருமேனியில் வியர்வை அரும்புவதைக் காணப் பெருங்கூட்டம் கூடும். முதியவர்களை முன்மாலையிலேயே அழைத்துப்போய் உட்காரவைத்துவிடுங்கள்.

தாத்தாவுக்கு அறுபதோ எண்பதோ நிறைகிறதென்றால் திருக்கடையூர் பக்கத்திலேயே இருக்கிறது. இப்படி மணிவிழாவுக்கு வந்து, சத்திரத்துக்குப் பதிலாகக் கடலோர வீட்டில் உறவெல்லாம் தங்குவது இப்போது வழக்கமாகி வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது.

நவகிரகக் கோயில் ஒன்பதையும் இந்த நான்கு நாளில் முடிக்கத் திட்டமிடாதீர்கள். பிறகு வீடு எதற்கு?

தீபாவளியை வாடகை வீட்டில் கொண்டாடலாமா?

தாராளமாக. எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் வசதி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டாசு வெடிக்கத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரைதான் அனுமதி. கடற்கரையில் ராக்கெட் விடவே கூடாது. அங்கே நைலான் வலையும், டீசல் வைத்த படகும், கீற்றுக் கொட்டகையும் இருக்கின்றன. ஒரு பொறி பட்டால் ஒரு குடும்பத்தின் முதலே எரிந்துபோகும்.

 

கொடியக்கரைக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா?

முடியும். ஏறத்தாழ 90 கிலோமீட்டர், விடியும் முன் கிளம்ப வேண்டும். அக்டோபரிலிருந்து வலசைப் பறவைகள் வரத் தொடங்கும், வெளிமான்கள் ஆண்டு முழுவதும் உண்டு. பூநாரைக் கூட்டம் மட்டும் வேண்டுமென்றால் டிசம்பர் வரை பொறுங்கள். பெருமழைக்கு மறுநாள் சரணாலயத்துக்குள் பாதை சேறாக இருக்கும், வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

சென்னையிலிருந்து எப்படி வருவது?

சோழன், உழவன் ரயில்களில் மயிலாடுதுறை. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. தரங்கம்பாடிக்கே ரயில் ஓடிய காலம் 1986-ஓடு முடிந்துவிட்டது. திரும்ப வர வேண்டும் என்ற ஆசை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் இருக்கிறது.

காரில் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறுவை நெல்லைச் சாலையில் பாதி அகலத்துக்குக் காய வைத்திருப்பார்கள். இரவில் அதைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். இருட்டில் அது தெரியாது. கிளைச்சாலைகளில் பொழுது சாய்ந்தபின் மெதுவாக வாருங்கள். நெல்மேல் வண்டியை ஏற்றாதீர்கள்.

வயதானவர்களும் கைக்குழந்தையும் உடன் வருகிறார்கள். மருத்துவ வசதி?

அவசரத்துக்குக் காரைக்கால் அரசு பொது மருத்துவமனை அரை மணி நேரத் தூரம். வழக்கமான மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாகக் கொண்டுவாருங்கள். டெங்கு பரவும் பருவம் என்பதால் கொசுவலை அவசியம். மழையில் பாம்பும் தேளும் காய்ந்த இடம் தேடி வரும். செருப்பை உதறிப் போடுங்கள், இரவில் கொல்லைப்பக்கம் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

ஊர்க்காரர்களோடு எப்படி நடந்துகொள்வது?

கடற்கரை உங்களுக்குப் பொழுதுபோக்கும் இடம், அவர்களுக்கு வேலை பார்க்கும் இடம். காயும் வலையை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். படகில் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கும் முன் 'அண்ணே, ஏறலாமா?' என்று கேளுங்கள். 2004 டிசம்பர் 26-ல் இந்தக் கரை இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. ஆழிப்பேரலையைப் பற்றி அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் துருவாதீர்கள்.

வீட்டை ஒப்படைக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

மீன் செதிலையும் இறால் ஓட்டையும் கழுவுதொட்டியில் தள்ளாமல் தனியாகக் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். குளியலறையில் சேர்ந்த மணலை வாரி வெளியே கொட்டுங்கள், குழாயில் போனால் அடைத்துக்கொள்ளும். தண்ணீர்க் கேன்களுக்குக் கொடுத்த வைப்புத்தொகையை மறக்காமல் திரும்ப வாங்குங்கள். மாடிக்கு ஒரு தடவை ஏறி, துவாரத்தில் சேர்ந்த சருகை எடுத்துப் போட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள். அடுத்து வரும் குடும்பம் அன்று மாலையே வந்துவிடும்.